மழைக் காலையில் ஒரு மேட்ச்

விளையாடுகிறவனுக்கு ஒரு நாளில் இரண்டு ஆட்டம் கிடைக்கிறது. ஒன்று சாயங்காலம், மைதானத்தில். இன்னொன்று விடியப்போகிற நேரத்தில், போர்வைக்குள். முதல் ஆட்டத்துக்குக் கப் உண்டு, கைதட்டல் உண்டு, ஸ்கோர் எழுத ஆள் உண்டு. இரண்டாவதைப் பற்றிப் பேசவே ஆளில்லை. எனக்கோ அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச காலமாக யாரைக் கண்டாலும் சுகம் விசாரிக்கும் முன்பே, "ராத்திரி கனவுல விளையாடினீங்களா?" என்றுதான் கேட்கிறேன்.

நான் இருப்பது ரம்புக்கனைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். கொழும்பிலிருந்து வரும் ரயில் சமதரையை விட்டு மலையேறத் தொடங்குவது எங்கள் ஸ்டேஷனில்தான். 1867இல் கண்டி வரைக்கும் ஓடத் தொடங்கிய பாதை. நீராவி எஞ்சின் காலத்தில் இங்கே இன்னொரு எஞ்சினையும் சேர்த்துக் கோத்துத்தான் கடுகண்ணாவைக்கு ஏற்றுவார்களாம். 44 அடிக்கு ஓரடி உயருகிற ஏற்றம். அந்த மலைச்சரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், மண்ணை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம்தான் எங்கள் கரப்பந்தாட்ட மைதானம். இரண்டு பாக்குமரக் கம்பம், நடுவில் வலை. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். அவுட் போன பந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே குதித்துக் குதித்து இறங்கிப் போகும். கடைசியாகத் தொட்டவன்தான் இறங்கி எடுத்து வரவேண்டும். கரப்பந்தாட்டத்தை 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டு என்று அறிவித்தார்கள். எங்கள் சரிவில் அதற்கு எந்த அறிவிப்பும் தேவைப்பட்டதில்லை.

இனி என் கனவைச் சொல்கிறேன். மைதானம் அதேதான். வலையில் ஓரிடத்தில் அறுந்து நைலோன் கயிறால் கட்டிய முடிச்சுக்கூட அப்படியே இருக்கும். செட்டர் தம்பி பந்தைத் தூக்கிவிடுகிறான். நான் எகிறுகிறேன். எகிறினால், ஐயோ, அந்த உயரம்! வலைக்கு மேலே என் இடுப்பு இருக்கிறது. கீழே லயத்துக் கூரைத் தகரம் தெரிகிறது, தண்டவாளம் தெரிகிறது. பந்து உள்ளங்கையில் படும் அந்தச் சூடு, அந்தச் சத்தம், விழித்த பிறகும் கையில் இருக்கும். மைதானத்தில் நான் சராசரி உயரக்காரன், சராசரி ஆட்டக்காரன். கனவில் எனக்குக் கிடைக்கும் எகிறலை எந்தப் பயிற்சியாளரும் தர முடியாது.

இது எனக்கு மட்டும் நடக்கிறதா என்று ஆட்களைக் கேட்கத் தொடங்கினேன். செட்டர் தம்பி சொன்னான்: "அண்ணே, பந்து மேல போகுதுண்ணே. நான் கைய விரிச்சு நிக்கிறேன். இறங்கவே மாட்டேங்குது. நான் பாட்டுக்கு நிக்கிறேன்." கீழ்க் கிராமத்திலிருந்து வந்து எங்களோடு ஆடும் சிங்களத் தம்பி ஒருவன், கனவிலும் பந்து பள்ளத்தில்தான் விழுகிறது, இறங்கி எடுக்கப் போய் மேலே ஏறி வருவதற்குள் விடிந்துவிடுகிறது என்றான். நான் தமிழில் கனவு காண்கிறவன். ஆனால் என் கனவிலும் ஸ்கோரைச் சிங்களத்தில்தான் கூப்பிடுகிறார்கள், மைதானத்தில் அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம் என்பதால். இந்தச் சின்னச் சின்ன விசுவாசம்தான் என்னைக் கிறங்கடிக்கிறது. உயரத்தை இஷ்டத்துக்குக் கூட்டிக்கொடுக்கும் கனவு, வலையின் முடிச்சையும் ஸ்கோரின் மொழியையும் மாற்றத் துணிவதில்லை!

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கனவுக்குப் பலன் கேட்பார்கள். பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் அது. கனவு என்றாலே வரப்போவதைச் சொல்லும் என்று கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். விளையாட்டுக் கனவுகளைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஆர்வம் மறுபக்கம் திரும்பிவிட்டது: இது எங்கிருந்து வருகிறது? அதைத் தேடிப் படித்தபோது, இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து துள்ளிக் குதித்தேன்.

ஜெர்மனியில் மிஷாயெல் ஷ்ரெட்ல், டானியல் எர்லாக்கர் என்று இரண்டு ஆய்வாளர்கள். பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறையில் படிக்கும் மாணவர்களையும் உளவியல் படிக்கும் மாணவர்களையும் எடுத்து, பகலில் யார் எவ்வளவு விளையாடுகிறார்கள், இரவில் யாருக்கு எவ்வளவு விளையாட்டுக் கனவு வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2004இலும் 2008இலும் அந்த ஆய்வுகள் வெளிவந்தன. விளையாட்டு மாணவர்களின் கனவில் விளையாட்டு அதிகம். பகலில் உடம்பு எதில் நேரம் போக்குகிறதோ, இரவு அதைத் தொடர்கிறது. நம் பாட்டிகள் கேட்டால் 'இதற்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமா' என்பார்கள். போகத்தான் வேண்டும். ஏனென்றால் இந்த விதி எல்லாவற்றுக்கும் சமமாகப் பொருந்துவதில்லை, அதைக் கண்டுபிடிக்க எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க ரம்புக்கனை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் எழுதுகிறேன். ஆணி, பெயின்ட், பி.வி.சி. குழாய், கூட்டல், கழித்தல், திரும்பவும் கூட்டல். மைதானத்தில் இருப்பது இருட்டுவதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான். நேரத்தைக் கணக்குப் பார்த்தால் என் கனவெல்லாம் பில்லாக இருக்க வேண்டும். ஒரு நாளும் கனவில் நான் கூட்டல் போட்டதில்லை! அமெரிக்க மனநல மருத்துவர் ஏர்னஸ்ட் ஹார்ட்மன் இதைப் பற்றி 2000இல் எழுதினார். வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது, தட்டச்சு செய்வது ஆகியவற்றில் நாள்தோறும் மணிக்கணக்காக மூழ்கிக் கிடப்பவர்களுக்கும் அவை கனவில் அபூர்வமாகவே வருகின்றன. நடப்பதும் நண்பர்களோடு பேசுவதும் தாராளமாக வருகின்றன. ஷ்ரெட்ல் இதற்கு நேரத்தை மட்டும் காரணமாகச் சொல்வதில்லை. ஒரு விஷயத்தில் மனம் எவ்வளவு தோய்ந்திருந்தது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்கிறார். அப்படியானால் என் கனவு எனக்கு ஒரு சான்றிதழ்! என் மனம் கடையில் இல்லை, வலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று இரவு எழுதிக் கொடுக்கும் சான்றிதழ். (முதலாளி இதை வாசித்தாலும் பரவாயில்லை. பில்லில் நான் கவனமாகத்தான் இருக்கிறேன்.)

இந்த ஆராய்ச்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது மலையில் தொடங்கிய ஒன்று. ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு நாள் குடும்பத்தோடு வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு மலை ஏறிவிட்டு வந்து படுத்திருக்கிறார். கண் செருகும்போது கை பாறையைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. பாறையின் சொரசொரப்பு வரைக்கும். மலைச்சரிவில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நாள் முழுக்க ஏறி இறங்கிவிட்டுப் படுத்தால் கால் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஸ்டிக்கோல்ட் அதோடு விடவில்லை. மலையை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோக முடியாதே, அதனால் டெட்ரிஸ் என்ற கட்டம் அடுக்கும் கணினி விளையாட்டை 27 பேருக்குக் கொடுத்து விளையாட வைத்தார். தூக்கம் பிடிக்கும் நேரத்தில் அவர்களில் பலருக்குக் கண்முன்னே கட்டங்கள் விழுந்தன. அதில் 5 பேர் மூளை பாதித்துப் புதிய நினைவு தங்காதவர்கள். தாங்கள் அந்த விளையாட்டை ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை. அவர்களில் 3 பேருக்கும் கட்டங்கள் விழுந்தன! 2000இல் வந்த இந்த முடிவை வாசித்தபோது கொப்பியை மூடிவிட்டு லயத்து வாசலில் கொஞ்சநேரம் நடந்தேன். ஆடியதை மறந்த மனிதனுக்குள்ளும் ஆட்டம் இருக்கிறது.

இப்போது மழைக்கு வருகிறேன். இதைத்தான் நான் உலகத்துக்கே கத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் பரிசு இது.

ரப்பர் பால் வெட்டுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறுவதற்கு முன், மரத்துக்குள்ளே நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலை ஆவியை விடத் தொடங்கினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் எங்கள் ஆட்கள் இருட்டோடு எழுந்து, கத்தியும் வாளியுமாக மலைக்குப் போகிறார்கள். ஆனால் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மழைத்தண்ணீரோடு வழிந்து போய்விடும், பால் பிடிக்கும் சிரட்டையிலும் தண்ணீர் சேர்ந்துவிடும். ஆகவே மழைக் காலையில் தோட்டம் முழுக்கத் தூங்குகிறது. சம்பளம் போகிற கவலை இருக்கும்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. என்றாலும் அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரத் தூக்கத்தில் நடப்பதைக் கேளுங்கள்.

1953இல் சிகாகோவில் யூஜின் அசரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் தூங்குகிறவர்களின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று இருப்பதைக் கண்டார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்வார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கட்டம் வருகிறது. இரவின் தொடக்கத்தில் சில நிமிடங்களே நீடிக்கிறது. விடியப் போகும்போது அது நீண்டுகொண்டே போகிறது. அதாவது கனவின் பெரும் பங்கு விடியல் தூக்கத்தில் குவிந்து கிடக்கிறது. பால் வெட்டப் போகிறவர் நாள்தோறும் விட்டுக்கொடுப்பது சரியாக அந்தப் பங்கைத்தான். மழை வந்தால் அது திரும்பக் கிடைக்கிறது. எங்கள் டீமில் பாதிப் பேர் காலையில் பால் வெட்டுகிறவர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: "மழை நாள்லதாண்ணே மேட்ச் வருது." இதை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் கேட்டேன், சொன்னார்கள். அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு அதிசயமும் இருக்கிறது. சிலசமயம் மேட்ச் முடிந்த அன்று இரவு ஒன்றும் வராது. நாலைந்து நாள் சும்மா போகும். பிறகு, மறந்தே போன வேளையில், அந்த மேட்ச் வந்து நிற்கும். ஒரு நிகழ்ச்சி அன்றிரவு கனவில் தலைகாட்டிவிட்டு, நடுவில் அடங்கி, ஐந்து முதல் ஏழு நாள் கழித்துத் திரும்ப வருவதை மொன்றியலில் டோரே நீல்சன் என்ற ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஏப்ரலில் தமிழ், சிங்களப் புத்தாண்டுப் போட்டியில் நாங்கள் கடைசி செட்டில் தோற்ற மேட்ச் எனக்கு அப்படித்தான் அடுத்த வாரம் வந்தது. பலகாரம் எல்லாம் தீர்ந்து, கடை திறந்து, பில் புத்தகத்தோடு உட்கார்ந்த பிறகு! வேறொரு மேட்சின் ஆட்களும் அதற்குள் கலந்திருந்தார்கள், என் பள்ளிக்கூட மாஸ்டர்தான் ரெஃப்ரி.

ரெஃப்ரி என்றதும் ரயில் ஞாபகம் வருகிறது. விடிகாலையில் மலையேறப் போகும் ரயில் ஸ்டேஷனில் ஊதும். என் கனவில் அது ஊதலாக வருவதேயில்லை, விசிலாக வருகிறது. பந்து எதிர்ப்பக்கம் விழுகிறது, விசில் நீளமாக, நீளமாகக் கேட்கிறது, ரெஃப்ரிக்கு இவ்வளவு மூச்சு எங்கிருந்து என்று நான் வியந்துகொண்டே விழிக்கிறேன். ரயில் கடிகமுவைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. வில்லியம் டிமென்ட்டும் எட்வர்ட் வோல்பர்ட்டும் 1958இலேயே தூங்குகிறவர்கள் மேல் தண்ணீர் தெளித்தும், ஒலி எழுப்பியும், வெளிச்சம் காட்டியும் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர்தான் அதிகம் கனவுக்குள் புகுந்தது: மழையாக, ஒழுகும் கூரையாக. தகரக் கூரை ஒழுகும் லயத்தில் வளர்ந்தவர்கள் அந்தப் பரிசோதனையை இலவசமாகவே செய்து முடித்திருக்கிறோம்.

இவ்வளவு ஓடியும் எகிறியும் உடம்பு பாயிலேயே கிடக்கிறதே, அது எப்படி? கனவுக் கட்டத்தில் மூளைத்தண்டு தசைகளைக் கட்டிப் போட்டுவிடுகிறது. பிரான்ஸின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே, பூனைகளில் அப்படிக் கட்டிப்போடும் சிறு பகுதியை நீக்கிப் பார்த்தார். பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, பதுங்கி, இல்லாத எலி மேல் பாய்ந்தன. நம்முள்ளேயும் கட்டளை போகிறது, கைகால் வரைக்கும் வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். 2011இல் மார்ட்டின் ட்ரெஸ்லரும் சகாக்களும் கனவில் ஒருவர் கையை இறுக்கி மூடும்போது, விழிப்பில் மூடினால் மூளையில் எந்தப் பகுதி வேலை செய்யுமோ அதே பகுதி வேலை செய்வதை ஸ்கேனில் பிடித்துக் காட்டினார்கள். என் ஸ்மேஷும் அப்படித்தான் நடக்கிறது. மூளையைப் பொறுத்தவரை நான் நிஜமாகவே அடிக்கிறேன்!

அந்தப் பரிசோதனையில் இருந்தவர்கள் கனவு காண்கிறோம் என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்ளும் திறமை உள்ளவர்கள். அதற்குத் தெளிகனவு என்று பெயர். எர்லாக்கர் இவர்களைக் கொண்டு செய்தவற்றைப் படித்தால் ஒரு விளையாட்டுக்காரன் எழுந்து ஆடிவிடுவான். கனவில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யச் சொன்னார். பாயில் அசையாமல் கிடந்த உடம்பின் மூச்சு வேகம் கூடியது. கோப்பைக்குள் நாணயம் எறியச் சொன்னார், 2010இல்; கனவுக்குள் எறிந்து பழகியவர்கள் மறுநாள் காலையில் முன்னைவிடச் சரியாக எறிந்தார்கள். நிஜத்தில் பழகியவர்கள் அவர்களையும் விட முன்னேறினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் டீமில் யாரும் பயிற்சிக்கு வர மாட்டார்கள். 840 ஜெர்மன் விளையாட்டு வீரர்களைக் கேட்டதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது தெளிகனவு வந்திருக்கிறது. கனவில் நடப்பதும் பயிற்சி செய்வதும் விழிப்பில் ஆவதைவிட அதிக நேரம் எடுப்பதாகவும் அவர் அளந்தார். செட்டர் தம்பியின் இறங்காத பந்துக்கும் இதற்கும் உறவு இருக்கும் என்பது என் ஊகம். அவனிடம் சொன்னேன். "அப்ப என் மேல தப்பில்லையேண்ணே" என்றான், முகமெல்லாம் வெளிச்சமாக.

கொல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் 1964இல் ஆட்டம் சரியாக வராமல் தவித்தபோது, கனவில் மட்டையை வேறு மாதிரிப் பிடித்து அருமையாக அடிப்பதைக் கண்டார். காலையில் போய் அதே பிடியைப் பிடித்தார். ஆட்டம் திரும்பி வந்தது. அதைப் பத்திரிகைக்காரரிடம் அவரே சொன்னார், கனவென்று சொல்லத் தயங்கிக்கொண்டே. தயங்க என்ன இருக்கிறது? கேட்கத்தான் நான் இருக்கிறேனே. எங்கள் கேகாலை மாவட்டத்துப் பெண் சுசந்திகா ஜயசிங்ஹ சிட்னி 2000 ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 22.28 வினாடியில் ஓடினார். அன்று வெண்கலம், மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு வெள்ளி. 1948இல் டங்கன் வைட் லண்டனில் வாங்கிய வெள்ளிக்குப் பிறகு இலங்கைக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. சுசந்திகாவைச் சந்திக்கும் பாக்கியம் கிடைத்தால் நான் கேட்கப்போவது பதக்கத்தைப் பற்றி இல்லை. அந்த வளைவு கனவில் எப்படி வருகிறது, ஓடும்போது காலடிச் சத்தம் கேட்கிறதா, பக்கத்து லேனில் யார் ஓடுகிறார்கள் என்றுதான் கேட்பேன்.

எல்லாக் கனவும் இனிப்பதில்லை என்பதும் உண்மை. போட்டிக்கு முதல் நாள் வருகிறவை வேறு ரகம்: சப்பாத்தைக் காணோம், பஸ் போய்விட்டது, கால் மண்ணில் புதைந்துவிட்டது. ஜெர்மன் வீரர்களுக்கும் இப்படிப்பட்டவை வருவதை எர்லாக்கரும் ஷ்ரெட்லும் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லே என்ற மட்டைப்பந்து ஆட்டத்தில் எங்கள் தோட்டத்து டீமுக்கு ஆடும் தங்கச்சி ஒருத்தி, கனவில் மட்டையை ஓங்கினால் அது பால் வெட்டும் கத்தியாக மாறிவிடுகிறது என்று சொன்னாள். காலையில் மலை, மாலையில் மைதானம், இரண்டும் ஒரே கையில்தானே நடக்கின்றன! அவள் சொன்னதைக் கேட்டு என் அம்மா, "எனக்கு இன்னும் மரந்தான் வருது" என்றார். அம்மா வேலையை விட்டு வருடங்கள் ஆகின்றன. ஒரு நாளைக்கு 200, 300 மரம் வெட்டிய கை.

"கனவுல பால் எப்படிம்மா ஓடுது?"

"நல்லா ஓடுது. சிரட்டை நிறைஞ்சு வழியுது. அப்படி ஒரு மரம் நம்ம மலையில கிடையாது."

அம்மாவுக்கும் கனவில் என் எகிறல் மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது.

டீமில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். விழித்ததும் உடனே அசையாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள், கடைசியாகப் பார்த்ததைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள், பிறகு எழுதுங்கள் என்று சொல்லிவைத்தேன். எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனால் போச்சு, கனவு கழன்றுவிடும். முதல் வாரம் சிரித்தார்கள். இப்போது மைதானத்துக்கு வரும்போதே கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, வலை கட்டும் முன் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறார்கள். கனவில் அடித்த பொயின்டைக் கணக்கில் சேர்க்கலாமா என்று சண்டைகூட நடக்கிறது. செட்டர் தம்பியின் கொப்பியில் நேற்றுக் காலை எழுதியிருப்பது இவ்வளவுதான்: "சேர்வீஸ் போட்டேன். நெட்ல பட்டுச்சு. ரெஃப்ரி ஒண்ணும் சொல்லல. திரும்பப் போட்டேன். உள்ள."